நெருப்பில்லாமல் பிறந்த ஜாயின்ட்

கார் ஒயர் நடுவழியில் தானாக அறுந்துபோவது அபூர்வம். எலி கடித்தால் உண்டு, கதவு இடுக்கில் நசுங்கினால் உண்டு. மற்றபடி ஹார்ன் அடிக்கவில்லை, ஒரு பக்க விளக்கு மங்கல், வண்டி நேற்று ஸ்டார்ட் ஆனது இன்று அடம்பிடிக்கிறது என்று போய் நின்றால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீசியன் முதலில் தேடுவது ஜாயின்ட்டைத்தான். டேப் சுற்றிய இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வருவார். ஏதோ ஒன்றில் செம்பு பச்சை பூத்திருக்கும்.

அந்த ஓர் அங்குலம் என்ன பாடுபடுத்தும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஹெட்லைட், தலைக்கு 55 வாட். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்சாரம் முழுவதும் கடந்துபோகும் ஒரு ஜாயின்ட்டில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் அதைச் சரியாகக் காட்டக்கூடக் காட்டாது. ஆனால் அந்த இடத்தில் 0.9 வோல்ட் காணாமல் போகும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கிவிடும், இந்த 0.9 வோல்ட் கிட்டத்தட்டக் கால்வாசி வெளிச்சத்தைக் கொண்டுபோய்விடுகிறது. போன சக்தி எங்கே? 8 வாட் சூடாக அந்த ஜாயின்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. சூடானால் செம்பின் மேல் ஆக்சைடு படியும், படிந்தால் தடை ஏறும், ஏறினால் இன்னும் சூடாகும். டேப்புக்குள் மூடிக் கிடக்கும் பிளாஸ்டிக் இளகுவதற்கு இதுவே தாராளம்.

ஆகவே இரண்டு ஒயரை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வயது. காருக்கு முன்பே பிறந்த கேள்வி.

முதலில் அதைச் சந்தித்தவர்கள் தந்திக்காரர்கள். 1844-ல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவே கம்பி இழுத்தார். 1861-ல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் அந்தக் கம்பியை எங்கெங்கோ முடிச்சுப் போட்டுத்தான் ஆகவேண்டும். வெஸ்டர்ன் யூனியன் கம்பெனியின் பெயராலேயே வழங்கும் முறுக்கு அப்படி வந்தது. இரண்டு கம்பியையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, ஒன்றின் நுனியை மற்றதன் உடம்பில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும், அதேபோல் மறுபக்கமும். இதன் அழகு என்னவென்றால், இழுக்க இழுக்க இறுகும். நாசாவின் ஒயரிங் தர விதிகளில் இன்றும் அந்த முறுக்குக்கு இடம் இருக்கிறது, மேலே ஈயப் பற்று வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தந்தியிலிருந்து மின்சாரம் வீட்டுக்குள் வந்தபோது முறுக்கு, ஈயம், டேப் மூன்றும் கூடவே வந்தன. முறுக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றி, தார் தோய்ந்த துணி டேப்பைச் சுற்றுவார்கள். நல்ல கைக்காரர் செய்தால் அது பல பத்தாண்டு நிற்கும். அவசரக்காரர் செய்தால் வீட்டுக்குள் நெருப்பு. ஸ்காட்லாந்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வில்லியம் மார் என்பவர் 1914-ல் ஈயமே தேவைப்படாத ஒரு மூடியைச் செய்தார். ஒயர் நுனிகளை அழுத்திப் பிடிக்கும் அந்தச் சங்கதியைக் கனடாவில் இன்றும் 'மாரெட்' என்கிறார்கள். அசையாத சுவருக்குள் இருக்கும் முழுக்கம்பிக்கு அது போதும். குலுங்கிக்கொண்டே ஓடும் வண்டியில், மெல்லிழைகளாலான ஒயரில் அது நிற்காது.

குலுங்கும் வண்டிக்கு மின்சாரமே தாமதமாகத்தான் வந்தது. ஆரம்பகாலக் கார்களில் பெட்ரோலைப் பற்றவைக்க மேக்னெட்டோவிலிருந்து நாலைந்து ஒயர். விளக்கு என்றால் மண்ணெண்ணெய் அல்லது கார்பைடு வாயு. 1911-ல் சார்லஸ் கெட்டரிங் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்து முடித்தார். 1912 மாடல் காடிலாக்கில் அது வந்தது. கையால் சுற்றிக் கிளப்பும் காலம் அதோடு முடிய ஆரம்பித்தது. ஸ்டார்ட்டர், இக்னிஷன், விளக்கு மூன்றும் ஒரே மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய பிறகுதான் காருக்கு 'ஒயரிங்' என்று ஒரு தனி உறுப்பு உண்டானது.

அந்த உறுப்பை வளர்த்த குடும்பம் பேக்கார்டு. அண்ணன் தம்பி இருவரும் 1890-ல் ஒஹையோ மாநிலத்தின் வாரன் ஊரில் பல்பும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்யும் கம்பெனி வைத்திருந்தார்கள். தம்பி ஜேம்ஸ் வார்ட் பேக்கார்டு வாங்கிய வின்டன் கார் வழியிலேயே படுத்துக்கொண்டது என்றும், குறை சொல்லப் போனவரிடம் 'முடிந்தால் நீயே நல்லதாகச் செய்' என்று அந்தக் காரைச் செய்த வின்டன் எகிறினார் என்றும் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1899-ல் பேக்கார்டு கார் வந்தது. கார் கம்பெனி பிற்பாடு மறைந்தது. பழைய பல்புக் கம்பெனியான பேக்கார்டு எலக்ட்ரிக்கோ கார் ஒயரில் இறங்கி, 1932-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய், உலகத்துக்கே ஒயரும் கப்ளரும் செய்து கொடுத்தது. எஞ்சின் அறையில் தண்ணீர் பட்டாலும் தாங்கும் 'வெதர் பேக்' கப்ளர் அந்த வீட்டுச் சரக்குதான். பேக்கார்டு கார் ஓடி மறைந்த பிறகும் பேக்கார்டு ஒயர் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் ஒயர் நுனியைப் பிடிக்கும் வித்தை மாறியதற்குக் காரணம் கார் இல்லை, விமானம்.

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா விமானத்தையும் கப்பலையும் ஆயிரக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த நேரம். ஒவ்வொரு விமானத்திலும் கிலோமீட்டர் கணக்கில் ஒயர். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு நுனி. ஒவ்வொரு நுனிக்கும் ஈயம் வைப்பதென்றால் சூடேற்ற நேரம், ஆற நேரம், அதற்கெல்லாம் மேலாகக் கை பழகிய ஆள். ஆளெல்லாம் போருக்குப் போயாயிற்று. தொழிற்சாலைக்கு வந்தவர்கள் பலருக்கு சால்டரிங் அயர்ன் புதுசு. வைத்த ஈயம் உள்ளே பிடித்திருக்கிறதா, மேலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வதும் சுலபமில்லை. போதாததற்கு, பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில், அடிபட்டு வந்து நிற்கும் விமானத்துக்குள் சூட்டுக்கோலோடு நுழைவது யாருக்கும் பிடித்த வேலையல்ல.

1941-ல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் அன்கஸ் விட்டேக்கர் என்பவர் ஏர்கிராஃப்ட்-மரைன் புராடக்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விமானத்துக்கும் கப்பலுக்கும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார். பிற்பாடு அதை ஆம்ப் என்று சுருக்கி அழைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் அதன் ஊரானது. விட்டேக்கர் மெக்கானிக்கல் படித்தவர், பிறகு எலக்ட்ரிக்கல் படித்தவர், அதுவும் போதாதென்று சட்டமும் படித்தவர். ஒயர்மேல் உலோகக் குழலை வைத்து நசுக்கும் யோசனை அவர் வருவதற்கு முன்பே இருந்தது. அவர் வேறு இடத்தில் கைவைத்தார். எந்த ஒயர், அதன் நுனியில் மாட்டும் உலோக லக் எந்த அளவு, அதை எவ்வளவு நசுக்க எந்தக் கருவி, இந்த மூன்றையும் ஒரே செட்டாக வடிவமைத்து விற்றார். வித்தை ஆளின் கையிலிருந்து கருவியின் வாய்க்கு மாறியது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் இருபது வருட அனுபவக்காரரும் வைக்கும் லக் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் அந்தச் செட்டின் மொத்தப் பயன்.

நசுக்கினால் எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. அதற்குக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

செம்பு இழை ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோல் இருக்கிறது. கருவி லக்கின் சிறகுகளை உள்ளே மடக்கி அழுத்தும்போது இழைகள் ஒன்றோடொன்று உரசி, நெளிந்து, நீள்கின்றன. அந்த நெளிவில் தோல் கிழிகிறது. அடியிலிருக்கும் வெற்று உலோகம் வெற்று உலோகத்தைத் தொடுகிறது. இந்த நசுக்கலுக்குத்தான் கிரிம்ப் என்று பெயர். நல்ல கிரிம்ப் ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்ட இழை ஒன்றுகூட இருக்காது. எல்லாம் ஒன்றையொன்று நெருக்கித் தேனடை அறைபோல ஆறுபட்டையாகிவிட்டிருக்கும். நடுவில் சந்து இல்லை. சந்து இல்லாததால் காற்றும் ஈரமும் உள்ளே போக வழியில்லை, உள்ளே போகாததால் துரு இல்லை.

குறைவாக நசுக்கினால் சந்து மிஞ்சும், ஒயர் உருவிக்கொண்டு வரும். அதிகமாக நசுக்கினால் இழைகள் மெலிந்து அந்த இடத்திலேயே அறும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு என்பது மில்லிமீட்டரில் மிகச் சிறிய பகுதி. அதைக் கையின் பலத்தால் யாராலும் கணிக்க முடியாது. அதனால்தான் நல்ல கிரிம்பிங் கருவியில் ராட்செட் வைத்தார்கள். பாதி அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் வாய் திறக்காது. முழு அளவுக்கு அழுத்திய பிறகே விடும். முதல்முறை பிடிப்பவர்கள் கருவி மாட்டிக்கொண்டது என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது.

போர் முடிந்ததும் அந்தத் தொழில்நுட்பம் விமானத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. ஆம்ப் செய்த இன்னொரு கெட்டிக்காரத்தனம், லக்குகளைத் தனித்தனியாக விற்காமல் பட்டையில் கோத்து உருளையாகச் சுற்றி, அதைத் தானே இழுத்து நசுக்கும் மெஷினைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்குக் கொடுத்தது. மெஷின் வாடகைக்கு, லக் விலைக்கு. காருக்கு இது கைகூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காரில் விளக்கு, ஹீட்டர், ரேடியோ என்று ஒயர் பெருகிக்கொண்டே போனது. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறின. 6 வோல்ட்டில் அதே பல்புக்கு இரண்டு மடங்கு ஆம்பியர். கெட்ட ஜாயின்ட்டில் வீணாகும் சூடு நான்கு மடங்கு. பழைய 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் ஏன் எர்த் ஒயரைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

இங்கிலாந்தில் வேறு பாதை. ஒயர் நுனியில் பித்தளையால் ஒரு சின்னத் தோட்டா, எதிர்ப்புறம் அது போய்ச் செருகும் ரப்பர் உறை போட்ட குழல். லூகாஸ் கம்பெனியின் மின்சாதனங்கள் பொருத்திய பிரிட்டிஷ் வண்டிகளில் எங்கும் இதுதான். காய்ந்தால் நன்றாக இருக்கும். மழையும் உப்புக்காற்றும் பட்டால் உள்ளே பூத்துவிடும். ஸ்தாபகர் ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று பிரிட்டிஷ் கார் பிரியர்கள் கிண்டல் செய்வது இதனால்தான். கிண்டலில் பாதி லூகாஸுக்கும் மீதி இங்கிலாந்து மழைக்கும் சேரவேண்டியது என்பேன். அந்த லூகாஸ், டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து 1961-ல் சென்னைப் பாடியில் கம்பெனி தொடங்கியது. ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்த அந்த இடத்தின் பெயரில் பஸ் ஸ்டாப்பே வந்துவிட்டது. பழைய அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தோட்டா கனெக்டர்களும் பரிச்சயமாகவே இருக்கும்.

கிரிம்ப்புக்கு ஒரு குறை இருந்தது: உடம்பு மறைக்க ஆடை வேண்டும். 1940-களில் வந்த வினைல் டேப் தார்த்துணியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் எஞ்சின் சூட்டில், நம் ஊர் சித்திரை வெயிலில், பசை இளகி டேப் வாலைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். இதற்கு மருந்து 1957-ல் கலிஃபோர்னியாவில் பால் குக் தொடங்கிய ரேகெம் கம்பெனியிலிருந்து வந்தது. பாலிஎத்திலின் குழாயின்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பின்னிக்கொள்கின்றன. பிறகு சூடேற்றி விரித்து, விரித்த நிலையிலேயே ஆறவைத்துவிட்டால், மறுபடி சூடு பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்று கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்களே, அதன் பிறப்பு இதுதான். உள்ளே பசை பூசிய ஸ்லீவ் என்றால் சுருங்கும்போது பசை உருகி ஓரங்களை அடைத்துவிடும். தண்ணீர் உள்ளே போகாது. நசுக்கியவரும் போர்த்தியவரும் கடைசியில் ஒரே வீட்டுக்குப் போனார்கள்: ஆம்ப், ரேகெம் இரண்டையும் டைக்கோ கம்பெனி 1999-ல் வாங்கியது. அந்த வாரிசுதான் இன்றைய டி.ஈ. கனெக்டிவிட்டி.

இவ்வளவு வந்த பிறகும் கார் ஒயரிங்கைப் பெரும்பாலும் மனிதக் கைகள்தான் கட்டுகின்றன. ஒயர் வெட்டுவதும் நுனி நசுக்குவதும் மெஷின் வேலை; நடுவில் பல ஒயர்களைச் சேர்க்கும் இடங்களில் பல தொழிற்சாலைகள் அல்ட்ராசோனிக் அதிர்வால் பற்றவைக்கின்றன. ஆனால் ஒயர்களைப் பலகையில் ஓட்டி, கிளை பிரித்து, டேப் சுற்றுவது கைவேலை. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டு அங்கிருந்த லியோனி கம்பெனியின் ஒயரிங் தொழிற்சாலைகள் தடைபட்டபோது ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகனும் பி.எம்.டபிள்யூவும் கார் உற்பத்தியை நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. காருக்கு எஞ்சின் இருந்தது, டயர் இருந்தது; ஒயரிங் வரவில்லை.

இனி ஈயத்துக்கு வருவோம். 'நான் சால்டர் பண்ணித் தர்றேன் சார், ஆயுசுக்கும் போகாது' என்று சொல்லும் எலக்ட்ரீசியன் பொய் சொல்லவில்லை. மின்சாரம் கடப்பதைப் பொறுத்தவரை நல்ல ஈயப் பற்றில் குறை கிடையாது. சிக்கல் ஜாயின்ட்டில் இல்லை, அதற்கு ஒரு விரற்கடை தள்ளி இருக்கிறது. உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து இன்சுலேஷனுக்கு உள்ளேயும் போய்விடும். அதுவரை ஒயர் விறைத்த கம்பி. அதற்கப்பால் வளையும் ஒயர். எஞ்சினின் அதிர்வு முழுவதும் அந்த எல்லைக்கோட்டில் வந்து விழும். இழை இழையாக அறும், அதுவும் இன்சுலேஷனுக்குள்ளே, வெளியில் தெரியாமல். டேஷ்போர்டுக்குப் பின்னால் அசையாமல் கட்டிவைத்த இடத்தில், ரோசின் பிளக்ஸ் போட்டு, ஸ்லீவ் ஏற்றி, இரு பக்கமும் ஒயரைத் தாங்கிக் கட்டினால் ஈயம் நிற்கும். பாத்திரம் அடைக்கும் ஆசிட் பிளக்ஸை ஒயரில் தொட்டால் மட்டும் மன்னிப்பில்லை, மிச்சம் இருக்கும் ஆசிட் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். இன்னொன்று: நுனியில் ஈயம் பூசிவிட்டு அதை லக்கில் வைத்து நசுக்குவது ரெட்டைப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஈயம் மெத்தென்ற உலோகம். அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து விலகும். நாளடைவில் பிடி தளரும்.

மூன்றாவது ஆசாமி ஒருவர் இருக்கிறார். ஓடும் ஒயரை வெட்டாமல், மேலே ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைக் கவ்வவைத்து, உள்ளிருக்கும் தகடு இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைத் தொடும் வகை. டெலிபோன் ஒயருக்கு இதே தத்துவம் பிரமாதமாக வேலை செய்தது. அங்கே முழுக்கம்பி, துளி மின்சாரம், அசைவில்லை. காரில் நிலைமை தலைகீழ். தகடு சில இழைகளை அறுக்கும், கிழித்த வாய் வழியே தண்ணீர் இறங்கும். ரிவர்ஸ் கேமரா மாட்டுபவர் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என் தீர்ப்பு கிரிம்ப் பக்கம், ஆனால் ஒரு கண்டிப்போடு. கட்டிங் பிளேயரால் நசுக்கியதைக் கிரிம்ப் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். விட்டேக்கர் செட்டில் மூன்றில் ஒன்றைத் தூக்கிப்போட்டால் மிஞ்சுவது வெறும் நசுங்கிய தகடு. அதைவிட ஒழுங்கான ஈயப் பற்று எவ்வளவோ நல்லது. ராட்செட் கருவி ஒன்றும் யானை விலையில்லை; ஒரு கார் டயரின் விலைகூட ஆகாது.

அடுத்த முறை ஃபாக் லேம்ப்போ ஆம்ப்ளிஃபயரோ மாட்டக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இன்சுலேஷன் போட்ட லக்கில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. மெல்லிய ஒயரை மடித்துத் திணித்து மஞ்சளில் வைத்தால் தடுங்கள். இன்சுலேஷன் இல்லாத லக் என்றால், முன் சிறகுகள் செம்பையும் பின் சிறகுகள் இன்சுலேஷனையும் தனித்தனியே பிடித்திருக்க வேண்டும். நடுவில் உள்ள சின்ன ஜன்னலில் செம்பும் இன்சுலேஷனும் இரண்டுமே தெரிய வேண்டும். முன்னால் இழை நுனி கடுகளவு எட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கேளுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர் கூட்டம் பெரும்பாலும் ஏர்பேக் உடையது, அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். கடைசியாக, ஸ்லீவ் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பிடித்து ஒரு இழு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கையோடு வந்துவிட்டால் சண்டை போட வேண்டாம், திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.